வெந்நி குடிக்கிற தெரு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சாரல் பிடித்த மறு வாரம் தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒரே தெருவின் முகவரியோடு மஞ்சள் காமாலை வந்துகொண்டே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

2. போய்ப் பார்த்தோம். தெருவின் கிழக்குப் பாதியில் வீட்டுக்கு வீடு காமாலை. மேற்குப் பாதியில் இல்லை.

3. ரத்த மாதிரிகளை அனுப்பினோம். ஹெபடைடிஸ் ஈ என்று முடிவு வந்தது. மனிதக் கழிவு கலந்த தண்ணீரால் பரவுவது.

4. குழாய்த் தண்ணீரைச் சோதித்தோம். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் இருந்தது. கிழக்குப் பாதிக் குழாய்களில் இல்லை.

5. ஆனால் அந்தப் பாதியில் குழாய்த் தண்ணீரை யாரும் அப்படியே குடிப்பதில்லை என்றார்கள். எல்லா வீட்டிலும் வெந்நீர்தான்.

6. அதனால் தெருமுக்கில் இருந்த புரோட்டா கடையை மூடினார்கள்.

7. கிழக்குப் பாதியில் ஒரு வீட்டில், வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்த பெண் ஒருத்தி இருந்தாள்.

ஏழாவதுதான் முதலில் வந்திருக்க வேண்டும். இந்தக் காமாலை மற்றவர்களைச் சில வாரம் படுக்கப் போட்டுவிட்டுப் போய்விடும். சோறு கண்டால் குமட்டும், மூத்திரம் தேயிலைத் தண்ணீர் மாதிரி போகும், பிறகு தானாகவே தெளியும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருப்பவளுக்கு அப்படியில்லை. அவள் கல்லீரல் சில நாட்களில் கைவிட்டுவிடலாம். தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். இதற்கென்று தனி மருந்து கிடையாது. வராமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் செய்யக்கூடியது.

நான் மாவட்டத்தில் தொற்றுநோய் கண்காணிக்கும் வேலையில் இருக்கிறேன். டாக்டரா என்று உறவினர்கள் கேட்பார்கள். இல்லை. ஒரு நோய் எங்கிருந்து கிளம்பியது, அதை எங்கே நிறுத்தலாம் என்று தேடுகிறவள். படிக்கும்போது இதற்குப் படிப்படியாக முறை சொல்லிக்கொடுத்தார்கள். அந்த முறையில் மழை இல்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் சாரல் காலத்தில் ஒரு தெருவில் வேலை செய்வதென்றால், நனைந்த குடையை எந்த வீட்டு வாசலில் விட்டோம் என்று தேடுவதிலேயே அரை நாள் போய்விடும். பெருஞ்சாலையில் அருவிக்குப் போகிற வண்டிகள் பாட்டுப் போட்டுக்கொண்டு போகும். நாங்கள் கொல்லைப்புறத்தில் நின்று கழிவறைக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

நாங்கள் என்றால் நானும் சுகாதார ஆய்வாளரும். அவர் ஓய்வுக்கு நெருங்கியவர், இந்தப் பக்கத்துக்காரர். தெருவில் பாதிப் பேர் அவருக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தம். எனக்கு அங்கே ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது.

"ஏட்டி, டெங்கு மேடம் வந்துருக்காவ. தொட்டிய மூடு" என்று ஒரு குரல் வீட்டுக்குள் போகும்.

"இது டெங்கு இல்ல, யக்கா. காமால" என்பார் ஆய்வாளர்.

"எதுன்னாலும் தொட்டிய மூடித்தான வைக்கச் சொல்லுவீய? அதான் மூடியாச்சு. வாங்க, ஒரு வாய் வெந்நி குடிங்க. நனஞ்சு போயி வாரீய."

குடிப்போம். வீட்டுக்கு வீடு குடிப்போம். அந்தக் குளிருக்கு இதமாக இருக்கும். குடித்துவிட்டு, குடிக்கிற தண்ணீர் பற்றிக் கேட்பேன்.

"வெந்நிதான். சாரல் நேரத்துல பச்சத்தண்ணிய யாரு குடிப்பா? தொண்ட கட்டிரும்லா."

நான் திருவேங்கடம் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் வெந்நீர் குடிக்கிறவர் என்றால் காய்ச்சல்காரர் என்று அர்த்தம். அங்கே தண்ணீரைக் காய்ச்சுகிற வீட்டிலும் பானையில் ஊற்றி, ஆறி, சில்லென்று ஆன பிறகுதான் குடிப்பார்கள். இங்கே சின்னப் பிள்ளை முதல் எல்லோரும் வெந்நீர் குடிக்கிறார்கள் என்றதும், பரவாயில்லை, நல்ல பழக்கம் என்று நினைத்தேன். நோய் வந்த வீட்டிலும் வெந்நீர், வராத வீட்டிலும் வெந்நீர். அப்படியானால் குடிநீர் காரணமாக இருக்க முடியாது என்று கணக்கு சொன்னது. குழாயில் குளோரின் இல்லை என்பதோ வேறு பக்கம் இழுத்தது. என் கையில் அப்போது இரண்டு மஞ்சள். சோதனைக் குப்பியில் சொட்டு மருந்து விட்டதும், குளோரின் இருந்தால் வரவேண்டிய மஞ்சள் வரவில்லை. கண்ணில் வரக்கூடாத மஞ்சள் வந்துகொண்டே இருந்தது.

அந்தப் பெண்ணின் வீடு தெருவின் கிழக்குக் கோடியில். முன்பு வயல் இருந்த குடும்பம். இப்போது அப்பா சீசனுக்கு வேன் ஓட்டுகிறார். நாங்கள் முதலில் போனபோதே அவர் முன்னறையில் காமாலையோடு படுத்திருந்தார். வீடு முழுக்கக் கீழாநெல்லி அரைத்த வாடை. பெண் உள்ளறையில், கால் நீட்டி உட்கார்ந்து கைபேசியில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கை நிறைய வளையல். ஜன்னல் வெளிச்சத்துக்கு அவளைத் திருப்பி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது.

அவள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன். மகளைப் புருஷன் வீட்டுக்கு, இலத்தூருக்கு, அனுப்பிவிடுங்கள் என்றேன். பிரசவம் வரைக்கும்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வளகாப்பு போட்டு, ஊர் பாக்கக் கூட்டிட்டு வந்த புள்ளைய நடுவுல கொண்டு விடவா? சம்பந்தக்காரி என்ன சொல்லுவா? பெத்தவளுக்குப் பாக்க முடியல, கொண்டாந்து தள்ளிட்டாம்பா. ஒங்களுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"இல்லம்மா."

"அதான்."

ஆய்வாளர் மெதுவாகச் சொன்னார். "யக்கா, மேடம் சொல்லுததுல வெசயம் இருக்கு. புள்ளத்தாச்சிக்கு இது ஆகாது."

"ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? இவ அப்பாவ முன்னறையில போட்ருக்கேன். அவரு தட்டு தனி, டம்ளர் தனி. இவ வாயில பச்சத்தண்ணி படவிடுததில்ல. வெளிய ஒரு வாய் திங்க விடுததில்ல. நானே என் கையால வெந்நி போட்டுக் குடுக்கேன். இதுக்கு மேல இலத்தூர்ல என்ன செஞ்சிருவாவ?"

உள்ளே இருந்து பெண்ணின் குரல் வந்தது. "வெந்நியாக் குடுத்துக் குடுத்தே என்ன அவிச்சு எடுத்துருவா மேடம்."

"ஏட்டி, வாயக் கழுவு."

என்னால் மறுக்க முடியவில்லை. காய்ச்சிய தண்ணீர், வீட்டுச் சாப்பாடு, தனித் தட்டு. நான் சொல்லிக்கொடுக்க நினைத்த எல்லாவற்றையும் அந்த அம்மா எனக்கு முன்பே செய்துகொண்டிருந்தார். தினமும் வந்து கண்ணைப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்து நடந்த ஆலோசனைக் கூட்டத்தில் புரோட்டா கடையின் பெயர் அடிபட்டது. தண்ணீரைக் காரணம் என்று எழுதினால் பதில் சொல்ல வேண்டியவர்கள் பல மேஜைகளில் இருந்தார்கள். கடை என்று எழுதினால் ஒரே ஒரு மனிதர். தண்ணீர் மாதிரியின் முழு முடிவு வரட்டும் என்றேன். எல்லாரும் கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறார்கள், நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள் என்று என் அறிக்கையையே எனக்குக் காட்டினார்கள்.

கடையைப் பூட்டும்போது நானும் நிற்க வேண்டியிருந்தது. கடைக்காரர் ஆய்வாளரிடம்தான் பேசினார்.

"ஏன் வே, முந்தாநாள் வரைக்கும் இங்கன உக்காந்து சால்னா ஊத்தித் தின்னீரே. ஒம்ம கண்ணு மஞ்சளாவா இருக்கு?"

"அண்ணாச்சி, மேல இருந்து உத்தரவு. நான் என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்யாண்டாம். சீசன் பாத்து கடையப் பூட்டுதீய. நல்லா இருங்க. எல்லாரும் நல்லா இருங்க."

திரும்பி வரும்போது ஆய்வாளர் பைக்கை ஓரமாக நிறுத்தி, பக்கக் கண்ணாடியில் குனிந்து தன் கண்ணைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கடை மூடிய பிறகும் புதிதாகச் சிலருக்கு வந்தது. அதை வைத்துக் கடை காரணமில்லை என்றும் சொல்ல முடியாது. இந்தக் கிருமி உடம்புக்குள் போய் வாரக்கணக்கில் கழித்துத்தான் வெளியே தெரியும். இன்றைக்குக் கண் மஞ்சளாகிறவர் போன மாதம் குடித்தவர். இந்த வேலையில் என்னை அதிகம் களைப்பாக்குவது அதுதான். சரியாகச் செய்தாலும் தப்பாகச் செய்தாலும் உடனே ஒன்றும் தெரியாது. தினமும் போய் அந்தப் பெண்ணின் இமையை இழுத்துப் பார்ப்பேன். வெள்ளை. மறுநாள் போவேன். வெள்ளை. அந்த வெள்ளையை நம்பி ஒரு நாளைக்கூடச் சும்மா கழிக்க முடியாது.

ஒரு நாள் மதியம், சாரல் கனத்துப் பெய்துகொண்டிருந்தது. கண்ணைப் பார்த்து முடித்ததும் அம்மா அடுப்படிக்குக் கூப்பிட்டார். அடுப்பில் சருவத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்து, மூடி ஆடிக்கொண்டிருந்தது. "இரிங்க, வெந்நி தாரேன்" என்று டம்ளரை நீட்டினார். நான் களைப்பில் கடகடவென்று குடித்தேன். பாதிக்கு மேல் உள்ளே போன பிறகுதான் கை நின்றது.

நாக்கு சுடவில்லை.

"அம்மா, இது இப்ப கொதிச்ச தண்ணிதானே?"

"ஆமா. இப்பத்தான எறக்குனேன். நீங்களும் பாத்தீயல்லா."

"சுடலையே."

அவர் சிரித்துவிட்டார். "சுடச்சுட எப்படிக் குடிப்பீய? வெளாவித்தான தந்தேன்."

விளாவுவது என்றால் எனக்குக் குளிக்கிற வெந்நீர்தான். வாளியில் கொதிநீரை ஊற்றி, பச்சைத்தண்ணீர் கலந்து, கை பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவருவது. குடிக்கிற தண்ணீரை விளாவி நான் பார்த்ததில்லை.

"எதை ஊத்தி விளாவினீங்க?"

"எத ஊத்துவாவ? பச்சத்தண்ணியத்தான். இந்தா கொடத்துல இருக்குல்லா."

குழாயில் பிடித்த குடம். இன்னொரு டம்ளர் போட்டுக் காட்டச் சொன்னேன். உள்ளே மகளுக்குக் கொடுப்பது எப்படியோ அப்படி. அம்மா பாதி டம்ளர் கொதிநீர் ஊற்றினார். மீதிப் பாதியைக் குடத்திலிருந்து ஊற்றினார். விரலை விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் குடத்துத் தண்ணீர் சேர்த்தார்.

"புள்ளத்தாச்சிக்கு ரொம்பச் சூடு ஆகாது. எதமா இருக்கணும்."

அடுத்த வீட்டுக்குப் போனேன். வெந்நி எப்படிப் போடுவீர்கள் என்றேன். விளாவி. அதற்கடுத்த வீடு. விளாவி. தெருவில் நின்ற ஆய்வாளரைக் கேட்டேன்.

"சார், உங்க வீட்டுல வெந்நிய விளாவித்தான் குடிப்பீங்களா?"

"வெளாவாம எப்படி மேடம் குடிக்க?" என்றார். சொல்லிவிட்டு, சொன்னது தன் காதில் விழுந்தவர் மாதிரி வாயைத் திறந்தபடி நின்றார்.

யாரும் பொய் சொல்லவில்லை. காய்ச்சிய தண்ணீரா குடிக்கிறீர்கள் என்று கேட்டோம், ஆமாம் என்றார்கள். காய்ச்சத்தான் செய்தார்கள். வெந்நி என்கிற ஒரே சொல்லுக்குள் இரண்டு தண்ணீர் இருந்தது, ஒன்று செத்த தண்ணீர், ஒன்று உயிருள்ளது. வீட்டுக்கு வீடு உட்கார்ந்து நானும் அதைத்தான் குடித்திருக்கிறேன். அன்று முதல் என் கண்ணையும் காலையில் ஜன்னலோரம் நின்று பார்க்க ஆரம்பித்தேன்.

திரும்பிப் போய் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. கொதிக்கும்போது கிருமி செத்துவிடும், ஆனால் பிறகு ஊற்றுகிற பச்சைத்தண்ணீரில் வருவது சாகாது, அந்தச் சூடு அதற்குப் போதாது என்று விளக்கினேன். அவர் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நாந்தான் குடுத்தேனா?"

"நீங்க இல்லம்மா. குழாயில வந்தது."

"கொழாயா வந்து டம்ளர்ல ஊத்துச்சு?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கைபேசியை எடுத்து, என் முன்னாலேயே இலத்தூருக்குப் பேசினார். "மதினி, நாந்தான். பிள்ளைய கூட்டிட்டு வந்து விடுதேன். எதுக்குன்னு அப்பொறம் சொல்லுதேன். ஆமா, இன்னைக்கே." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றார். பொழுது சாய்வதற்குள் பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றி அனுப்பினார்கள். போகும்போது அந்தப் பெண் சிரிக்கவில்லை. ரத்தம் எடுத்திருந்தேன். நோய் இல்லை என்று முடிவு வந்தது. அதற்கு இப்போதைக்கு ஒரு மதிப்பும் இல்லை, சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று இலத்தூருக்குப் பேசிச் சொன்னேன். அவள் மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இங்கன நாங்க ஆத்தித்தான் குடுப்போம்" என்றார். கொஞ்சம் குத்தல் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு மண் தோண்டினோம். கிழக்குப் பாதிக்குப் போகிற குழாய் ஓர் இடத்தில் வாறுகாலுக்கு, தெருச் சாக்கடைக்கு, அடியில் போயிற்று. சாலை போட்டபோதோ, வேறு எதற்கோ தோண்டியபோதோ விரிசல் விட்டிருந்தது. தண்ணீர் வருகிற நேரம் உள்ளிருந்து கசியும். தண்ணீர் நின்று குழாய் காலியானதும், வெளியே சாக்கடையில் நிற்பதை உள்ளே இழுக்கும். மறுபடி திறந்துவிட்டதும் வருகிற அந்த முதல் தண்ணீர்தான் குடங்களுக்குப் போனது. குழாயை அடைத்து லாரியில் தண்ணீர் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். தண்ணீர் மாதிரியின் முழு முடிவும் வந்தது. கடையைத் திறக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

அறிவிப்பு எழுதுவதில் ஒரு நாள் போயிற்று. "வெந்நீரை விளாவிக் குடிக்க வேண்டாம்" என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, "காய்ச்சி ஆறவைத்த நீரையே பருகவும்" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தெருவில் பருகுகிறவர் யாருமில்லை. கடைசியில் ஆய்வாளர் தன் குரலிலேயே பதிவுசெய்து ஆட்டோவில் போட்டார்.

"அம்மாமாரே, அக்காமாரே, வெந்நிய வெளாவாதீய. கொதிச்ச தண்ணிய கொதிச்ச தண்ணியாவே ஆத்திக் குடிங்க. பச்சத்தண்ணி ஒரு சொட்டு சேரப்பிடாது."

"வெந்நி போடுததுக்கு ஒரு மேடம், வெளாவுததுக்கு ஒரு ஆட்டோவாக்கும்" என்று வாசலில் நின்ற ஒருத்தி சிரித்தாள். "நாளைக்குச் சோறு வடிக்கவும் வந்து சொல்லுவாவ."

"ஐஸ் போட்டு ஆத்தலாமா மேடம்?" என்று இன்னொருத்தி கேட்டாள். கேலியா, சந்தேகமா என்று தெரியவில்லை. ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்வது என்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். சிலர் காப்பி மாதிரி இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஆற்றினார்கள். சிலர் நான் வரும்போது மட்டும் ஆற்றினார்கள் என்று நினைக்கிறேன்.

சில வாரம் கழித்து அந்த அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். அதுவரை அவராகக் கூப்பிட்டதில்லை.

"மேடம், எனக்கு ரெண்டு நாளா காய்ச்ச. சோறு எறங்கல. ஜன்னல் பக்கம் நின்னு கண்ணாடியில பாத்தேன், நீங்க அவளுக்குப் பாக்குத மாதிரி. மஞ்சளாத்தான் தெரியுது."

போனேன். மஞ்சள்தான். மகளுக்கு விளாவியதையேதான் அவரும் குடித்திருக்கிறார்.

"நான் இலத்தூருக்குப் போவப்பிடாதுல்லா?"

"இப்ப வேண்டாம்மா."

"பிரசவத்துக்கு?"

"அப்பவும் வேண்டாம். உங்க உடம்புல இருந்து கிருமி வெளிய வர்றது நின்ன பிறகு போகலாம்."

அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுப்படியில் இப்போது அப்பாதான் நின்றார். தேறிவிட்டார், ஆனால் இளைத்திருந்தார். இரண்டு டம்ளரை வைத்துக்கொண்டு, உயரத் தூக்கித் தூக்கி வெந்நீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

இப்போதைய நிலை இது. கிழக்குப் பாதியில் குழாயை மாற்றிவிட்டார்கள், தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை. கோடிக் குழாயிலும் சோதனைக் குப்பி மஞ்சளாகிறது. புதிதாக யாருக்கும் காமாலை வரவில்லை, ஆனால் நோய் ஓய்ந்தது என்று எழுத இன்னும் காலம் இருக்கிறது. கடை திறந்திருக்கிறது, முன்பிருந்த கூட்டம் இல்லை. ஆய்வாளருக்கும் எனக்கும் ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண்ணின் ரத்தத்தில் இரண்டாவது முறையும் நோய் இல்லை. பெண் குழந்தை, சுகப்பிரசவம், மாமியார்தான் கூட இருந்தார். அம்மாவின் கண் தெளிந்து வருகிறது. பேத்தியைக் கைபேசியில் பார்க்கிறார். எப்போது தூக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். இன்னும் கொஞ்ச நாள் என்று சொல்லியிருக்கிறேன்.